கட்டுமரமும் கேட்டமரானும்

ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்றொரு சொல் உண்டு. இலண்டனிலோ சிட்னியிலோ பள்ளியிற் பயிலும் ஒரு சிறுவனிடம் அதன் பொருளைக் கேட்டால், இரண்டு மெலிந்த படகுகளை அருகருகே நிறுத்தி, மேலே ஒரு தளத்தால் இணைத்தாற் போன்ற கலத்தை வரைந்து காட்டுவான். அப்படத்தைக் கொண்டுவந்து, செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள கொக்கிலமேட்டிலோ, இன்னுந் தெற்கே சதுரங்கப்பட்டினத்திலோ ஒரு முதிய மீனவரிடம் நீட்டி, "ஐயா, இது கட்டுமரமாம்" என்றால் அவர் நகைப்பார். அவர் தந்தையும் பாட்டனும் ஏறிச்சென்ற கட்டுமரத்துக்கும் அந்தப் படத்துக்கும் எவ்வகை ஒப்புமையும் இல்லை. ஆயினும் அகரமுதலிகள் அனைத்தும், ஆங்கிலச் சொல் தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே என்று ஒருமுகமாக உரைக்கின்றன. அவை உரைப்பது உண்மையே. மீனவரின் நகைப்பும் முறையானதே.

தமிழ் மேடைகளில் தவறாமல் எண்ணிக்காட்டப்படும் பட்டியல் ஒன்று உண்டு. மிளகுதண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. வெட்டிவேர் 'வெட்டிவர்' ஆயிற்று. அணைக்கட்டு 'அனிகட்' ஆயிற்று. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழும். பறையர் என்னும் குலப்பெயர் ஆங்கிலத்திற் புகுந்து, எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன் என்னும் இழிபொருளில் இன்றும் வழங்குவதை மட்டும் எவரும் அப்பட்டியலிற் சேர்ப்பதில்லை. கடன்போன சொற்கள் யாவும் பெருமை தேடித் தந்துவிடவில்லை என்பதற்கு அஃதொன்றே போதும். கட்டுமரம் அத்துணை இழிவுக்கு ஆளாகவில்லை. ஆனால், கைதட்டலோடு விட்டுவிடத் தக்கதும் அன்று. போன சொல் என்னவாயிற்று, வீட்டில் நின்ற சொல் என்னவாயிற்று என்னும் இரண்டையும் உடன்வைத்து நோக்கினால், பெருமைப்படுவோர் சற்று நாணவும் நேரும்.

முதற்கண் சொல்லின் அமைப்பு. கட்டு, மரம் என்னும் இரண்டு சொற்கள் கூடியது கட்டுமரம். கட்டு என்பது பிணைத்தலைக் குறித்த வினையடி. கட்டின மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் கரந்து நிற்றலின் இது வினைத்தொகை. கட்டுச்சோறு, கட்டுத்தறி ஆகியவற்றில் வல்லினம் மிக்குவருதலைக் காட்டி, 'கட்டு' இங்கும் பெயரே, வினையன்று என வழக்கிடுவாரும் உளர். சோறும் தறியும் வல்லினத்தில் தொடங்குவன. மரம் மகரத்தில் தொடங்குவது. மகரத்தின் முன் வல்லினம் மிகுதற்கு இடமே இல்லை. ஆகலின் புணர்ச்சியைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. பொருளைக் கொண்டுதான் தீர்த்தல் வேண்டும். அப்பொருளைக் காணக் கடற்கரைக்கே செல்ல வேண்டும்.

படகுக்கும் தோணிக்கும் குடைவு உண்டு. குடைவினுள் காற்று நிற்பதால் அவை மிதக்கின்றன. நீர் புகுந்து நிறைந்தால் மூழ்குகின்றன. கட்டுமரத்துக்குக் குடைவு இல்லை. மூன்றோ நான்கோ ஐந்தோ நொய்ய மரங்களைச் செதுக்கி, நடுமரம் நீண்டும் ஓரமரங்கள் குறுகியும் நிற்க அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகளோடு சேர்த்துத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிப் பிணைப்பர். முன்தலை கூம்பி மேல்நோக்கி வளைந்திருக்கும். மரத்தின் நொய்மையே அதனை மிதக்க வைக்கிறது. அலை மேலேறி அடித்தால், நீர் மரங்களின் இடுக்குவழியே வழிந்தோடிவிடும். உள்ளே புகுந்து நிறைவதற்கு அதில் உள்ளிடமே இல்லை. ஆளைக் கவிழ்த்தாலும் மரம் மூழ்காது. கவிழ்ந்தவர் பற்றிக்கொண்டு மீண்டும் ஏறலாம்.

கோவளந் தொடங்கி மாமல்லபுரம் வழியாகப் பாலாற்று முகம் வரையிலுள்ள கரையைக் கண்டவர்க்கு இவ்வமைப்பின் அருமை எளிதில் விளங்கும். குடாவென்றும் ஒதுக்கென்றும் சொல்லத்தக்க பெரிய இடம் ஏதும் அங்கில்லை. கரை நெடுகிலும் அலை முறிந்து விழுகிறது. அம்முறிவலையைக் கடந்தாலன்றிக் கடலுக்குட் புக முடியாது. குடைவுடைய சிறுபடகு அங்கே ஓர் அலையில் நிறைந்துவிடும். கட்டுமரமோ அலையைத் துளைத்துக்கொண்டு செல்லும். துறைமுகம் இல்லாக் கரைக்கு மக்கள் அறிவு கண்ட விடை அது.

வினைத்தொகை என்னும் வழக்கு இங்கேதான் தீர்கிறது. கடலிலிருந்து மீண்டவுடன் மீனவர் கட்டை அவிழ்ப்பர். மரங்களை ஒவ்வொன்றாகத் தோளிற் சுமந்து மேட்டுமணலில் உலரப் போடுவர். நீரூறிய மரம் கனக்கும். கனத்த மரம் மிதவாது. மறுநாள் விடியுமுன் மீண்டும் அடுக்கிக் கட்டுவர். நேற்றுக் கட்டினார், இன்று கட்டுகிறார், நாளையும் கட்டுவார். ஒருமுறை கட்டிமுடித்து என்றென்றும் நிற்கும் பொருளாயின், 'கட்டிய மரம்' என்றோ 'மரக்கட்டு' என்றோ பெயர் பெற்றிருக்கும். நாடோறும் கட்டப்படுவது ஆகலின் காலங்கரந்த பெயரே அதற்குப் பொருந்துவதாயிற்று. வினைத்தொகைக்கு 'ஊறுகாய்' என்னும் ஓர் எடுத்துக்காட்டையே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள், கடற்கரைப் பள்ளிகளிலேனும் இதனை எழுதலாம்.

சென்னை மாகாண மீன்துறைத் தலைவராயிருந்த சேம்சு ஆர்னெல் என்னும் ஆங்கிலேயர், இந்தியப் படகமைப்புகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில், சோழமண்டலக் கரையின் கயிற்றாற் பிணைக்கும் வகையையும் ஒடியக் கரையின் முளையடித்துப் பொருத்தும் வகையையும் வேறுபிரித்துக் காட்டினார். நாகப்பட்டினக் கரையில் பறக்கும் கோலாமீன் பிடிக்க ஏழுமரங் கொண்டு கட்டிய 'கோலாமரம்' பற்றியும் எழுதினார். மரத்தின் அளவும் எண்ணும் தொழிலும் மாறப் பெயரும் மாறிற்று: சின்னமரம், பெரியமரம், கோலாமரம். மீனவர் தம்முள் பேசும்போது 'கட்டு' என்பதையும் விடுத்து 'மரம்' என்றே சொல்வர். மரத்துக்குப் போனார், மரம் கரைசேர்ந்தது என்பன அவர்தம் வழக்கு.

இச்சொல் ஆங்கிலேயர் காதில் விழுந்தது பதினேழாம் நூற்றாண்டில். கிழக்கிந்தியக் கும்பணியின் மருத்துவராக வந்த சான் பிரையர் 1673இல் இக்கரையோரமாகக் கப்பலிற் சென்றபோது கட்டுமரங்களைக் கண்டார். அவர் நூல் 1698இல் வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 1697இல், கடலோடி வில்லியம் தாம்பியர் தம் செலவுநூலில் இச்சொல்லை எழுதிவிட்டார். இருவரும் கண்டதைக் கண்டவாறே எழுதினர்: பிணைத்த மரங்கள். அப்போது சொல்லும் பொருளும் ஒன்றாகவே இருந்தன.

சென்னையிற் கோட்டை கட்டிக் குடியேறிய கும்பணியார்க்குக் கட்டுமரமின்றி வாழ்வில்லை என்றே சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகள் ஆளையும் சரக்கையும் கரைசேர்க்கும். அப்படகுகளும் இறங்க அஞ்சும் கொந்தளிப்பில் கட்டுமரக்காரர் மட்டுமே செல்வர். நீர்புகாவண்ணம் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, அலையில் மரம் கவிழ்ந்தாலும் நீந்திப் பற்றி ஏறிக் கப்பலை அடைவர். வெள்ளையர் எழுதிய நினைவுநூல்களில் இவர்களைப் பற்றிய வியப்புரை மலிந்து கிடக்கிறது. பெயர்கள்தாம் இல்லை.

ஆங்கில இந்தியச் சொற்களைத் தொகுத்து யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட 'ஆப்சன் சாப்சன்' என்னும் அகரமுதலி, இச்சொல்லின் தமிழ்ப் பிறப்பைப் பிழையின்றிக் கூறுகிறது; ஆங்கிலேயர் இறுதி அசையை அழுத்திப் பலுக்குவது தவறு என்றுங் கூறுகிறது. அந்நூலார்க்கு இருந்த பொறுப்புணர்வு இன்றைய தமிழ்நாட்டுச் செய்தியாளர் பலர்க்கு இல்லை.

ஆனால், சொல் அதற்குள் இங்கிலாந்து சென்று வேறுபொருள் பூண்டுவிட்டது. 1804 அக்தோபரில், நெப்போலியன் படை கூடியிருந்த பிரெஞ்சுத் துறையாகிய புலோனின் மேல் ஆங்கிலக் கடற்படை ஒரு புதுக்கருவியை ஏவிற்று. இராபர்ட்டு புல்டன் என்னும் அமெரிக்கர் வகுத்துத் தந்த, வெடிமருந்து பொதிந்த மிதவைப் பெட்டி அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கேட்டமரான்'. நீர்மட்டத்தோடு ஒட்டி மிதந்தது என்னும் ஒப்புமைதான் போலும். விளைந்த பயன் சிறிது. அலையில் அலைந்து மீன்கொண்டுவரும் எளிய மரத்தின் பெயர் ஒரு கொலைக்கருவிக்குச் சென்று ஒட்டிற்று. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஓயாமற் பூசலிடும் பெண்ணையும் 'கேட்டமரான்' என்று ஆங்கில எழுத்தாளர் ஏசலாயினர். முதலசை ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்னும் சொல்லோடு ஒத்திருந்ததால் வந்த வினை. வேற்றுமொழிச் சொல் ஒன்று வேர் அறியாதார் வாயில் வீழ்ந்தால், ஒலியொப்புமையே பொருளாகிவிடும்.

இன்றைய பொருளுக்கு வழிவகுத்தவர் நத்தானியேல் எர்ரசாப்பு என்னும் அமெரிக்கப் படகு வினைஞர். 1876இல் நியூயார்க்குப் படகுப்போட்டியில் 'அமரில்லிசு' என்னும் இரட்டை உடற்படகைக் கொண்டுவந்து ஏனைய படகுகளையெல்லாம் பின்தள்ளினார். தோற்றவர்கள் முறையிட, அவர் படகு போட்டிக்குரியதன்று என்று நீக்கப்பட்டது. ஆனால், அவ்வகைப் படகுக்குக் 'கேட்டமரான்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. இரட்டை உடற்கலம் ஐரோப்பியர்க்கு அப்போது முற்றிலும் புதிதன்று. வில்லியம் பெட்டி என்பார் 1662இலேயே அயர்லாந்தில் ஒன்று கட்டி ஓட்டினார். அதனை எவரும் கேட்டமரான் என்று அழைக்கவில்லை. இருநூறு ஆண்டுக்குப் பின்னரே தமிழ்ச்சொல் சென்று அதன்மேல் அமர்ந்தது.

அங்கிருந்து சொல் துண்டுபடத் தொடங்கிற்று. கலிபோர்னியாவில் 1960களில் பரவிய சிறு விளையாட்டுப் படகுக்கு 'ஓபி கேட்' என்று பெயர். ஆத்திரேலியாவின் தாசுமேனியத் தீவில் விரைவுக் கலங்களைக் கட்டும் குழுமம் 'இன்கேட்' என்று பெயர்கொண்டது. இங்கெல்லாம் 'கட்டு' என்பது தேய்ந்து 'கேட்' ஆகிப் பூனையாகவே உலவுகிறது.

இதனினும் வியப்பு மறுபாதிக்கு நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், நடுவே ஓர் உடலும் இருமருங்கும் சிற்றுடலுமாக மூன்று கொண்ட கலங்கள் பெருகின. அவற்றுக்குப் பெயர் தேடியவர்கள், மூன்று என்று பொருள்படும் 'டிரை' என்னும் முன்னொட்டை எடுத்து 'மரான்' என்பதோடு ஒட்டி, 'டிரைமரான்' என்றார்கள். ஐந்துடற்கலம் 'பென்டமரான்' ஆயிற்று. அஃதாவது, 'மரான்' என்றால் கலத்தின் உடல் என்று பொருளாகிவிட்டது! அப்படியானால், 'கேட்ட' என்பதற்கு 'இரண்டு' என்றல்லவா பொருள் இருத்தல் வேண்டும்? அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க அவர்கட்குத் தமிழ் தெரியாது. கட்டு என்னும் பிணைப்பு ஒருபக்கம் பூனையாகவும் இரண்டாகவும் திரிய, மரம் மறுபக்கம் மாழையாலும் நெகிழியாலும் ஆன உடலாகத் திரிந்தது. 'அனிகட்' என்பதன் இறுதியிலும் 'கேட்டமரான்' என்பதன் முதலிலும் இருப்பது ஒரே சொல் என்பதை ஆங்கிலம் பேசுவோருள் எத்தனைபேர் அறிவர்? ஒன்று ஆற்றைப் பிணித்த கட்டு; மற்றொன்று மரத்தைப் பிணித்த கட்டு.

இது அவர்கள் மேல் குற்றம் சாட்டுதற்கு எழுதப்படுவதன்று. கடன்கொண்ட மொழி தன் விருப்பம்போல் ஆளும். அஃது எம்மொழிக்கும் இயல்பு. வருத்தம் தருவது வேறு.

ஆங்கிலத்தார் தந்த பொருளையே தமிழர் தம் சொல்லின் பொருளாக எண்ணத் தொடங்கிவிட்டனர். 'இரட்டை உடற்கலத்தை உலகுக்குக் கண்டுதந்தவன் தமிழன். கேட்டமரான் என்னும் பெயரே சான்று' என்று மேடையில் முழங்குவோர் உளர். இஃது உண்மையன்று. இரண்டு உடல்களைத் தளத்தாற் பிணைத்துப் பெருங்கடல் கடந்தவர்கள் அமைதிப் பெருங்கடலின் தீவுமக்கள். தாகித்தி, அவாய் முதலிய தீவுகளில் மக்கள் குடியேறியது அவ்வகைக் கலங்களிலேயே. 1976இல் 'ஒக்குலேயா' என்னும் இரட்டைக்கலம், புத்தியற் கருவி எதுவுமின்றி விண்மீன் நோக்கியே அவாயிலிருந்து தாகித்திக்குச் சென்று அதனை மெய்ப்பித்தது. அவர்கள் அறிவுக்குத் தமிழன் உரிமை கொண்டாடுவது, தமிழன் அறிவுக்குப் பிறர் உரிமை கொண்டாடுவதை ஒத்த செயலே. வடமொழியாளர் செய்யும்போது சினங்கொள்வோர் அதனைத் தாமே செய்தல் தகாது. கட்டுமரத்தின் பெருமை, குடைவற்றதாய் மூழ்காது முறிவலையைக் கடத்தல். அப்பெருமை அதற்குப் போதும்.

இரட்டைத் தோணி தமிழர்க்கும் சேரநாட்டார்க்கும் அறியாததும் அன்று. ஆற்றையும் காயலையும் கடக்க இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பிச் செல்லும் ஊர்திக்குச் சங்கடம், சங்காடம் என்று பெயர். மலையாளத்தில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்திரேயக் கடற்செலவு' என்னும் கிரேக்க நூல், கமரா, பொதுகே, சோபத்மா என்னும் கீழைக்கரைத் துறைகளைக் கூறுமிடத்தில், ஒற்றை மரங்களைச் சேர்த்துப் பிணைத்த பெருங்கலங்களைச் 'சங்கரா' என்று குறிக்கிறது. அது சங்காடமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். சோபத்மா என்பதை மரக்காணத்தை ஒட்டிய எயிற்பட்டினமாகக் கொள்வோர் உளர். மாமல்லபுரத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் எய்தும் இடம் அது. சங்காடம் வடமொழி வழியதா, தென்மொழி வழியதா என்னும் வழக்கு இங்கு வேண்டா. ஐயுறுவோர்க்கு 'இரட்டைத்தோணி' என்னும் ஐயமற்ற சொல் இருக்கிறது.

இருந்தும் என்ன? 2023 ஏப்பிரலில் கொச்சியில் காயல்நீர்ப் போக்குவரவு தொடங்கியபோது, இயங்கிய இரட்டை உடற்கலங்கள் கேட்டமரான் என்றே அழைக்கப்பட்டன. சங்காடம் வழங்கும் ஊரிலேயே அந்நிலை. 2024 பிப்பிரவரி 28இல் தூத்துக்குடியில், வ.உ. சிதம்பரனார் பெயர்தாங்கிய துறைமுகத்தில் நிகழ்ந்த விழாவில், நீரகத்தால் இயங்கும் இந்தியாவின் முதல் உள்நாட்டு நீர்வழிக் கலம் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவும் இரட்டை உடற்கலமே. தமிழ்ச் செய்தித்தாள்கள் இத்தகையவற்றைக் 'கேட்டமரான் வகை' என்று எழுதுகின்றன; அன்றேல், தமிழார்வம் மிக்கு, 'கட்டுமரம்' என்று எழுதுகின்றன. முன்னது அயல்வழக்கு, தன் வீட்டுச் சொல்லைத் தானே அடையாளங் காணாமை. பின்னது பிழை. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. வெளிநாடு சென்று உருத்திரிந்து மீண்டவனைப் பழைய பெயரால் அழைத்து, வீட்டிலிருக்கும் உடன்பிறந்தானுக்குப் பெயரில்லாமற் செய்வது போன்றது அது. இரட்டை உடலுடைய பெரிய கலத்துக்கு இரட்டைக்கலம் என்றும், மூன்றுடையதற்கு முக்கலம் என்றும் வழங்கலாம். கட்டுமரம் கட்டுமரத்துக்கே இருக்கட்டும்.

செங்கல்பட்டை ஆங்கிலேயர் 'சிங்கில்புட்' என்றெழுதினர். சதுரங்கப்பட்டினத்தைச் 'சட்ராசு' என்றனர். மாமல்லபுரத்தை ஏழு கோயில் என்னும் பொருள்பட 'செவன் பகோடாசு' என்றனர். ஊர்ப்பெயர்கள் ஒருவாறு மீண்டுவிட்டன. 2019இல் செங்கல்பட்டைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தபோது எவரும் 'சிங்கில்புட்' என்று பலகை எழுதவில்லை. ஊர்ப்பெயரைக் காப்பது எளிது, ஊர் அங்கேயே நிற்பதால். தொழிற்சொல் அப்படி நிற்பதன்று. கருவி போனால் பெயரும் போய்விடும்.

கருவி போய்க்கொண்டுதான் இருக்கிறது. நொய்யமரங்கள் மலைக்காட்டிலிருந்து வரவேண்டும். வரவு அருகி விலை ஏறிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணாடியிழைப் படகுகள் கரையேறின. மீனவர் அதனைப் 'பைபர்' என்பர். 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், துயர்துடைக்க வந்த அமைப்புகள் எந்திரம் பூட்டிய பைபர்ப் படகுகளையே மிகுதியாக வழங்கின. அதற்காக அவர்களைக் குறைகூற முடியாது. மீனவர் நெடுந்தொலைவு செல்லவும் விரைந்து மீளவும் விரும்புவது அவர்தம் உரிமை. பழங்கருவியைக் காட்சிப்பொருளாக்க அவர்கள் வறுமையில் உழலவேண்டும் என்று சொல்லும் உரிமை எந்தத் தமிழன்பர்க்கும் இல்லை.

ஆனால், அவர்கள் சொற்களைக் கேட்டெழுதத் தடையென்ன? கலத்தின் முற்பகுதிக்கு 'அணியம்' என்னும் அழகிய சொல் அகரமுதலியிலும் உண்டு, தென்கடற்கரை மீனவர் வாயிலும் உண்டு. கலைச்சொல் ஆக்குவோர் 'முன்பகுதி' என்று எழுதுகின்றனர். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைதோறும் பெயருண்டு. வானொலியோ 'வடகிழக்குத் திசையிலிருந்து வீசும் காற்று' என்று நீட்டி முழக்குகிறது. சென்னையை அடுத்த குப்பங்களில் கடல்நீரோட்டத்துக்கு வன்னி என்றும் தெண்டி என்றும் பெயருண்டு. இவற்றுட் சில எந்த அகரமுதலியிலும் ஏறாதவை. தனித்தமிழ்க் கலைச்சொல்லாளர் நூலறைக்குள் அமர்ந்து வேர்ச்சொல்லை உருட்டிப் புதுச்சொல் படைக்கின்றனர். அரைக்கல் தொலைவில் அலைவாய்க் கரையில் நிற்கும் பட்டினவர் நாவில் அச்சொல் ஆயிரமாண்டுப் பழமையோடு இருப்பதை வினவியறியார். வேர்ச்சொல் ஆய்வு வேண்டுவதே. வாய்ச்சொல்லைத் திரட்டிய பின்னர் செய்யவேண்டுவது.

பள்ளியின் பங்கும் இதில் உண்டு. 'கேட்டமரான் என்னும் ஆங்கிலச் சொல் கட்டுமரம் என்பதிலிருந்து பிறந்தது' என்று வகுப்பறையிற் சொல்லிக்கொடுப்பர். குப்பத்துச் சிறுவன் அதனை மனப்பாடஞ் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவான். அதே சிறுவன் தன் கட்டுரையில் 'அப்பா மரத்துக்குப் போனார்' என்று எழுதினால், 'மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்றார்' என்று சிவப்பு மையால் திருத்தப்படும். 'கச்சான் அடித்தது' என்று எழுதினால், கொச்சை என்று ஓரத்திற் குறிக்கப்படும். இலண்டன் அகரமுதலி ஏற்றுக்கொண்ட சொல் செந்தமிழாம். தந்தை வாயிலிருந்து வந்த சொல் கொச்சையாம்! திருத்துகிறவர் தமிழ்ப்பற்றுடைய ஆசிரியராகவும் இருப்பார். அச்சிறுவன் வளர்ந்து, தன் தந்தையின் சொற்களைப் பிறர்முன் பேச நாணுவான். ஆங்கிலமும் வடமொழியும் புகுந்து அழித்த தமிழ்ச்சொற்களுக்குக் கணக்கு உண்டு. தமிழாசிரியரின் சிவப்பு மை அழித்தவற்றுக்குக் கணக்கில்லை.

செய்யவேண்டுவது பெரிதன்று. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையோரப் பள்ளி ஒவ்வொன்றிலும் தமிழாசிரியர் ஒருவர், ஓராண்டுக் காலம், மாணவர்களைக் கொண்டே அவர்தம் பாட்டன்மாரிடம் சொற்களைக் கேட்டெழுதச் செய்யலாம். மரத்தின் உறுப்புகள், கட்டும் முறைகள், முடிச்சின் பெயர்கள், வலைகளின் வகைகள், காற்று, நீரோட்டம், மீன், அலை, வானக்குறி எனத் தலைப்பிட்டு எழுதினால் ஒரு குறிப்பேடு நிறையும். அறுபது எழுபது அகவையைக் கடந்தவர்களே கட்டுமரம் கட்டிப் பழகியவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய காலம் இது; பத்தாண்டு கழித்து இராது. பைபர்ப் படகில் வளர்ந்தவர்க்கு முடிச்சுகளின் பெயர் தெரியாது, முடிச்சே அங்கு இல்லாததால்.

மாமல்லபுரத்துக்கு அருகிலும் சென்னையை ஒட்டிய குப்பங்களிலும் கரையருகே மீன்பிடிக்கும் எளியோர் சிலர், மரம் வாங்கப் பொருளின்றி, நெகிழிநுரைக் கட்டிகளை அடுக்கிச் சாக்கும் கயிறும் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஏறித் துடுப்புப் போட்டுச் செல்கின்றனர். அதில் மரம் என்பது மருந்துக்கும் இல்லை. கரையில் நிற்பவரை அஃதென்ன என்று கேட்டால், 'மரம்' என்றே விடைவரும்.